பாறைப் பிளவிற் பிறந்த பொன்: கோலார்த் தங்கவயலின் வரலாறு

பொன்னை அதன் நிறத்தாலும் தன்மையாலும் வேறுபடுத்திப் பெயரிடும் வழக்கம் தமிழர்க்குப் பழமையானது. சிலப்பதிகார ஆசிரியர் மதுரை மாநகரின் பொற்கடை வீதியைக் கூறுமிடத்து, சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னைக் குறிப்பிடுகின்றார். இவற்றுள் சாம்பூநதம் என்பது நாவல் மரத்தோடும் அதன்வழித் தோன்றும் ஆற்றோடும் தொடர்புபடுத்திப் புராணங்கள் கூறும் பொன்னாகும். பொன் ஆற்றிலே பிறப்பது என்ற எண்ணம் பண்டை மக்களிடத்துப் பரவியிருந்தமைக்கு அப்பெயரும் ஒரு சான்று. ஆற்று மணலை அரித்துப் பொற்றுகளைப் பெற்றவர்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பொன்றுமில்லை. ஆயின் ஆறு பொன்னைச் சுமந்து வருவதேயன்றி அதனை ஆக்குவதன்று. மலையிலுள்ள பாறை காற்றாலும் மழையாலும் சிதைய, அதனுள் இருந்த பொன் மணலோடு சேர்ந்து ஆற்றை அடைகின்றது. அங்ஙனமாயின் பாறைக்குள் அப்பொன் வந்து சேர்ந்தது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை காண மனித அறிவு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்துள்ளது. அவ்விடையைக் கண்கூடாகக் காட்டக்கூடிய இடங்களுள் தென்னிந்தியாவிலுள்ள கோலார்த் தங்கவயலும் ஒன்று. கோலார்ச் சரித்திரத்தைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் அதனை ஆங்கிலக் கம்பனிகளின் வெற்றிக் கதையாகவே கூறி அமைகின்றன. பாறையின் சரித்திரத்தையும் மக்களின் சரித்திரத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். பாறை எங்கே வளைந்து எங்கே உடைந்ததோ அங்கேதான் பொன் தங்கியது. அவ்வுடைவின் வழியை முதலில் அறிந்தவர்கள் பெயர் தெரியாத கிராமத்து மக்கள். அவ்வழியே ஆழத்துக்குச் சென்று அதன் இன்னலை ஏற்றவர்களும் அத்தகைய மக்களே. இதுவே கோலார் வரலாறு உணர்த்தும் செய்தியாகும்.

பொன்னின் அருமை

பூமியின் மேலோட்டிலுள்ள சாதாரணப் பாறை எதனை எடுத்துக்கொண்டாலும் அதில் ஓரளவு பொன் உண்டு. ஆனால் ஒரு தொன் பாறையில் அது சில மில்லிகிராம் மாத்திரமே. இவ்வளவு சிறிய அளவிலுள்ள பொன்னைப் பிரித்தெடுக்க முயல்பவன் தான் எடுப்பதினும் பன்மடங்கு செலவு செய்ய வேண்டியவனாவான். கோலாரில் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடியே 10 இலட்சம் தொன் கல் வெட்டப்பட்டு, அதிலிருந்து ஏறக்குறைய 800 தொன் பொன் பெறப்பட்டது. அஃதாவது ஒரு தொன் கல்லுக்குச் சராசரி 16 கிராம் அளவிற் பொன் கிடைத்தது. சாதாரணப் பாறையோடு ஒப்பிட இது பல்லாயிரம் மடங்கு மிகுதி. எனவே பொன்னின் பிறப்பை ஆராய்வது என்பது, எங்கும் பரந்து சிதறிக் கிடந்த பொன்னை இயற்கை ஓரிடத்தில் ஒன்றுகூட்டிய முறையை ஆராய்வதேயாம்.

கொள்கைகளின் வரலாறு

இது பற்றி ஐரோப்பாவில் முறையாக எழுதியவர்களுள் முதல்வராகக் கருதத்தக்கவர் ஜேர்மன் நாட்டு மருத்துவரான அகிரிகோலா. சுரங்க நகரொன்றிற் பணிபுரிந்த அவர் 1546 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பாறையின் வெடிப்புக்களினூடு ஓடும் நீர்ச்சாறுகளே உலோகங்களைப் படியச் செய்கின்றன என்ற கருத்தை வெளியிட்டார். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேர்னர் என்பார், ஆதியில் உலகை மூடியிருந்த கடல்நீர் மேலிருந்து வெடிப்புக்களுள் இறங்கி உலோகங்களைப் படியவிட்டது என்றார். அவர் காலத்தவரான ஸ்கொத்துலாந்து அறிஞர் ஹட்டனோ, அவை பூமியின் வெப்பத்தால் உருகிக் கீழிருந்து மேலே எழுந்தவை எனக் கொண்டார். நீரோ நெருப்போ என்ற இவ்வாதம் நெடுங்காலம் நீடித்தது.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உலோகங்கள் அயலிலுள்ள பாறையிலிருந்தே கசிந்து வெடிப்புக்குள் வந்தன என்று சிலரும், ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீரால் வந்தன என்று வேறு சிலரும் வாதித்தனர். 1913 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞரான லிண்ட்கிரென் தமது கனிப்பொருட் படிவுகள் பற்றிய நூலை வெளியிட்டு, வெந்நீரால் உண்டான படிவுகளை அவை உண்டான ஆழத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப வகுத்துக் காட்டினார். அவ்வகுப்பு முறை பல தலைமுறை மாணவர்க்கு வழிகாட்டியாக விளங்கியது. 1988 ஆம் ஆண்டில் சிப்சன், ரொபேர்ட், பூல்சன் என்னும் மூவர், பாறைப் பிளவு திறந்து மூடும் வால்வு போலத் தொழிற்படுவதை விளக்கினர். 1998 ஆம் ஆண்டில் குரோவ்சும் பிற அறிஞரும், மலையாக்கத்தின்போது உருமாறிய பாறைகளில் உண்டாகும் இவ்வகைப் படிவுகள் அனைத்தையும் ஒரே பெயரின்கீழ்த் தொகுத்தனர். மலையாக்கப் பொன் என அதனைத் தமிழிற் கூறலாம்.

இக்கொள்கைகளை ஒருங்கு நோக்குமிடத்து, பழைய வாதத்தில் இருதிறத்தாரிடத்தும் ஒவ்வொரு பங்கு உண்மை இருந்தமை தெரியவரும். பொன்னைக் கொணர்ந்தது நீர். அந்நீரைப் பாறையிலிருந்து வெளிப்படுத்தியது பூமியின் வெப்பம். ஆனால் இவ்விரண்டும் மட்டும் போதா. நீர் செல்ல வழி வேண்டும். அவ்வழியை அமைத்தது பாறையின் உருக்குலைவு.

பொன் சேரும் முறை

கடலடியில் எரிமலைக் குழம்பு பரவி இறுகிக் கரும்பாறையாகின்றது. கடல்நீர் அதனோடு கலந்து, அதன் கனிப்பொருள்களுட் கட்டுண்டு நிற்கின்றது. பின்னர் நிலப்பகுதிகள் ஒன்றையொன்று நெருக்குங்கால் அப்பாறை மடிந்தும் நசுங்கியும் பல கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்கின்றது. ஆழஞ்செல்லச் செல்ல வெப்பநிலையும் அமுக்கமும் பெருகும். வெப்பநிலை 450 முதல் 550 பாகை சதமம் வரை உயரும்போது, பாறையிலுள்ள பழைய கனிப்பொருள்கள் அழிந்து புதியன உண்டாகின்றன. பாறை இங்ஙனம் உருமாறுங்கால் கட்டுண்டிருந்த நீரும், காபனீரொட்சைட்டும், கந்தகமும் விடுதலை பெறுகின்றன.

பொன் எளிதிற் கரையாத உலோகம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஐதரசனும் கந்தகமும் சேர்ந்த சேர்வை கலந்த வெந்நீரில் அது கரையும். விடுதலை பெற்ற நீர், பரந்த பாறைத்திரளிலிருந்து சிறிது சிறிதாகப் பொன்னைத் தன்னுட் கரைத்துக்கொண்டு, அமுக்கங் குறைந்த திசையை நாடி மேலே எழுகின்றது. திணிந்த பாறையினூடு அது எளிதிற் செல்ல இயலாது. நிலத்திரள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து வழுக்கும் நெடும் பிளவு வலயங்களே அதற்கேற்ற பாதையாகின்றன.

இங்கேதான் வால்வின் தொழில் காணப்படுகின்றது. பிளவு மூடியிருக்குங்கால் அதன்கீழ் நீர் தேங்கி, அதன் அமுக்கம் மேலிருக்கும் பாறைச் சுமைக்குச் சமமாகவும் அதனை விஞ்சவும் வளர்கின்றது. ஒரு கட்டத்தில் பாறை தாங்கமாட்டாது உடைகின்றது, நிலம் நடுங்குகின்றது. உடைந்த வெளியினுள் நீர் பாய, அதன் அமுக்கம் சடுதியாகக் குறைகின்றது. அமுக்கங் குறையவே வாயுக்கள் நீரைவிட்டுப் பிரிகின்றன. பொன்னைக் கரைத்து வைத்திருந்த கந்தகச் சேர்வையும் குறைகின்றது. அயற்பாறையிலுள்ள இரும்பும் அக்கந்தகத்தைக் கவர்ந்து சல்பைட்டு ஆகின்றது. தாங்குவார் இன்மையால் பொன் படிகின்றது. அதனோடு சிலிக்காவும் படிந்து குவாட்சு எனப்படும் வெண்படிகக்கல்லாகிப் பிளவை அடைத்துவிடுகின்றது. அடைபட்ட பிளவின்கீழ் மீண்டும் நீர் தேங்குகின்றது; மீண்டும் உடைவு; மீண்டும் படிவு. இங்ஙனம் எண்ணிறந்த முறை நிகழ்ந்ததனாலேயே, இவ்வகைப் படிகக்கல் நாளங்கள் பலவற்றில் வெள்ளையுங் கருமையுமான மெல்லிய கோடுகள் ஏட்டுச்சுவடியின் ஓலைகள்போல அடுக்கடுக்காகக் காணப்படுகின்றன.

எல்லாப் பிளவும் பொன் தருவதில்லை. நேராகச் செல்லும் பிளவினும், வளைந்தும் கிளைத்தும் செல்லும் பிளவிலேயே வெற்றிடங்கள் மிகுதியாகத் திறக்கும். கடினமான பாறையும் மென்மையான பாறையும் அடுத்தடுத்திருக்கும் இடத்தில் கடினமானது நொறுங்கி நீருக்கு இடங்கொடுக்கும். மடிப்பின் முதுகிலும் அத்தகைய வெளிகள் உண்டாகும். ஆதலின் ஒரே நாளத்திலும் சில பகுதிகளே வளம் மிக்கவை, எஞ்சியவை வெறுங்கல். வளம் மிக்க பகுதிகள் தூண்கள்போலச் சாய்ந்து ஆழத்துக்கு இறங்குவதுண்டு. சுரங்கத் தொழிலின் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் இச்சாய்வை அறிவதையும் அறியாமையையும் பொறுத்தவை.

கோலார்ப் பாறை வலயம்

மைசூர்ப் பீடபூமியின் கிழக்கெல்லையிலுள்ள கோலார்ப் பாறை வலயம் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளமும், சில கிலோமீற்றர் மாத்திரமே அகலமும் உடையது. இருபுறமும் நைசு என்னும் வரிப்பாறைப் பரப்பு விரிந்து கிடக்க, இடையே ஒடுங்கிய பட்டைபோல இக்கரும்பாறை நிற்கின்றது. இது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் பரந்த எரிமலைக் குழம்பு உருமாறியதால் உண்டாயது. இருபுறத்துப் பாறைகளும் வெவ்வேறிடத்துத் தோன்றிப் பின்னர் நெருங்கி ஒன்றாய்ப் பொருந்தியவை என்றும், அப்பொருத்துவாயே கோலார் வலயம் என்றும் 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள் வற்புறுத்தின. இரு நிலப்பகுதிகள் மோதி இணைந்த வடுவிலே பொன் தங்கியது என்பது, மேலே கூறப்பட்ட முறைக்கு மிகவும் இயைபுடையதாகும்.

இவ்வலயத்தில் இருவகைப் பொன்னாளங்கள் உண்டு. கிழக்கிலுள்ளவை வெண்படிகக்கல்லாலானவை, அவற்றிற் பொன் பெரும்பாலும் தனிப்பொன்னாகவே இருந்தது. மேற்கிலுள்ளவை இரும்புச் சல்பைட்டுக்கள் மிகுந்தவை. கிழக்கு நாளங்களுள் தலையாயது சாம்பியன் நாளம். கோலார்ப் பொன்னின் மிகப்பெரும் பகுதியை அளித்தது அதுவே. தென்னிந்தியாவின் பொன் நாளங்கள் தார்வார்த் தொகுதி எனப்படும் இத்தகைய பட்டைகளோடு தொடர்புடையவை என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் ரொபேர்ட் புரூஸ் பூட் குறிப்பிடத்தக்கவர். பல்லாவரத்தில் 1863 ஆம் ஆண்டு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே.

பழையோர் வெட்டிய குழிகள்

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சுரங்க அதிகாரியின் கடமைகளைக் கூறுமிடத்து, பழைய சுரங்கத்தை உலோகக் கசடு, மூசை, கரி, சாம்பர் ஆகியவற்றால் அறியவேண்டும் என்கின்றது. அந்நூல் எழுந்த காலத்திலேயே கைவிடப்பட்ட சுரங்கங்கள் இருந்தன என்பதும், முன்னோர் வெட்டிய இடத்தைத் தேடுவதே பொன்னைத் தேடும் வழிகளுள் ஒன்று எனக் கொள்ளப்பட்டது என்பதும் இதனாற் போதரும். கருநாடக நாட்டின் வடபகுதியிலுள்ள ஹட்டியில் பழையோர் ஏறத்தாழ 200 மீற்றர் ஆழம் வரை சென்றிருந்தனர். அங்குக் கிடைத்த மரத்துண்டுகளைக் காபன் முறையால் ஆராய்ந்தபோது அவை சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையன எனத் தெரியவந்தது.

கோலாரிலும் சாம்பியன் நாளம் நிலத்தின் மேற்பரப்பிற் காணப்பட்ட இடமெங்கும் பழைய குழிகள் வரிசையாக இருந்தன. அவற்றை வெட்டியவர்கள் புவிச்சரிதவியலைக் கற்றவர்களல்லர். வெண்கல் வரி எங்கே தொடங்கி எப்பக்கம் சாய்ந்து எங்கே ஒடுங்குகின்றது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர்கள். நீரை இறைக்கும் பொறியும் வெடிமருந்தும் இல்லாத காலத்தில், நெருப்பினாற் பாறையைச் சுட்டு நீரூற்றி வெடிக்கச் செய்து அவர்கள் கீழே இறங்கினர்.

1802 ஆம் ஆண்டில், திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின்னர் மைசூரின் கிழக்கெல்லையை அளக்கச் சென்ற லெப்டினன்ட் ஜோன் வாரன், அப்பகுதியிற் பொன் கிடைப்பது பற்றிக் கேள்வியுற்றார். ஊரிகம் கிராமத்தவர் மண்ணை அவர் முன்னிலையில் அரித்துப் பொற்றுகளைப் பிரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்திலே ஆடவர் குழிகளுள் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடைகளிற் கைமாற்றி மேலேற்ற, பெண்டிர் அதனைப் பாறைமீது வைத்து இடித்துத் துகளாக்கி நீரில் அரித்ததை வாரன் குறித்துள்ளார். ஆற்று மண்ணில் மட்டுமன்றித் திணிந்த கல்லினுள்ளேயும் பொன் உண்டு என்பதை இம்மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இக்குறிப்பு மறுக்கவியலாத சான்று. இதே வாரன் பின்னர்ச் சென்னை வானாராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்து, தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளை விளக்கும் காலசங்கலிதம் என்ற நூலை 1825 ஆம் ஆண்டில் வெளியிட்டார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

கம்பனிகளின் வருகை

மைக்கல் லவெல் என்ற அயர்லாந்துப் போர்வீரர், நியூசிலாந்துப் போரிற் பணிபுரிந்த பின்னர் பெங்களூரில் வந்து தங்கினார். வாரனின் குறிப்பைப் படித்த அவர் 1871 ஆம் ஆண்டில் மாட்டுவண்டியிற் கோலாருக்குச் சென்று பழைய குழிகளைப் பார்வையிட்டார். 1875 ஆம் ஆண்டில் மைசூர் அரசு அவருக்குச் சுரங்க உரிமை வழங்கியது. போதிய முதலில்லாத அவர் விரைவில் அதனைப் பிறர்க்குக் கைமாற்றினார். 1880 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த ஜோன் ரெயிலர் கம்பனியார் இப்பணியிற் புகுந்தனர்.

தொடக்கத்திற் பெருந்தோல்வியே விளைந்தது. கம்பனிகள் பல, வெட்டிய இடமெல்லாம் வெறுங்கல்லே கண்டு முதலை இழந்தன. இங்கிலாந்தில் முதலிட்டோர் மனந்தளர்ந்து கைவிட எண்ணிய வேளையில், 1883 ஆம் ஆண்டில் மைசூர்ச் சுரங்கத்தில் மேற்பார்வை செய்த கப்டன் பிளம்மர் பழையோர் வெட்டிய குழிகளின் அடிவரை சென்று, அதன்கீழே தொடர்ந்த சாம்பியன் நாளத்தைக் கண்டார். கப்டன் என்பது ஈண்டுப் படைத்தலைவரைக் குறியாது. கோண்வால் நாட்டுச் சுரங்கத் தலைவர்க்கு வழங்கிய பெயர் அது. பழையோர் நிறுத்தியது பொன் தீர்ந்ததனாலன்று. நீரும் காற்றின்மையும் அவர்களைத் தடுத்தன. அவர்கள் எழுதிவையாத அறிவு அவர்களுடைய குழிகளிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பிளம்மரின் கூர்மதியைக் குறைத்துக் கூறவேண்டுவதில்லை. ஆயினும் கோலார்ப் பொன்னைக் கண்டுபிடித்தவர் லவெல் என்றோ பிளம்மர் என்றோ கூறுவது வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. அவர்கள் கண்டது, முன்னவர் கண்டதன் தொடர்ச்சியேயாகும்.

இதன்பின் வளர்ச்சி விரைந்து நிகழ்ந்தது. சாம்பியன் றீவ், ஊரிகம், நந்திதுர்க்கம், மைசூர் முதலிய சுரங்கங்கள் செழித்தன. 1902 ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீற்றர் தூரம் கம்பிவழி மின்சாரம் கோலாருக்குக் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் அத்துணை நெடுந்தூரம் மின்சாரத்தைக் கொண்டுசெல்வது உலகிலேயே ஓர் அருஞ்செயலாகக் கருதப்பட்டது.

ஆழத்தின் விலை

நாளம் கீழே செல்லச் செல்லச் சுரங்கமும் சென்றது. சாம்பியன் றீவில் அது நிலமட்டத்தின்கீழ் 3 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்திற் பாறையின் வெப்பநிலை 60 பாகை சதமத்துக்கு மேல். அங்கு இறங்கி உழைத்தோரிற் பெரும்பாலார் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் ஆவர். வறட்சியாலும் கடனாலும் ஊரில் வாழ வழியற்ற, நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களுட் பலர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வேலைசெய்தனர். இதனாற் கன்னட நாட்டின் நடுவே தமிழ் வழங்கும் ஒரு நகரம் எழுந்தது. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழகத்து ஏழைகளை அனுப்பிய அதே வறுமைதான், அதே காலத்தில், வேறு சிலரைக் கோலாரின் பாதாளத்துக்கு அனுப்பியது.

பொன்னைப் பிறப்பித்த பாறையின் இயல்புகள் இரண்டு, இம்மக்களுக்கு நமனாய் அமைந்தன. முதலாவது வெண்படிகக்கல். பொன்னைத் தாங்கிய அக்கல்லைத் துளையிடுங்கால் எழும் நுண்ணிய தூசு நுரையீரலிற் படிந்து, மீட்சியில்லாத சிலிக்கோசிசு நோயை விளைத்தது. பொன் சேர்வதற்குத் துணைநின்ற சிலிக்காவே, பொன்னை எடுத்தவனின் மூச்சை அடைத்தது. இரண்டாவது பாறையின் வன்மை. நாளத்தைச் சூழ்ந்த அம்பிபோலைட்டுப் பாறை மிகவும் கடினமானது. சுமையை வளைந்து கொடுக்காமல் தாங்கித் தாங்கி ஒரு கணத்தில் வெடிப்பது. கல்லை வெட்டி எடுத்த வெளியைச் சுற்றி மேற்பாறையின் சுமை குவிய, சுவர்கள் பீரங்கி முழக்கம்போல் வெடித்து மக்களைப் புதைத்தன. இப்பாறைவெடிப்புக்கள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கோலாரில் அஞ்சத்தக்கவையாயின. வெட்டிய வெளிகளைச் செதுக்கிய கருங்கற்களால் சுவர்கட்டி அடைப்பது அதற்குக் கண்ட பரிகாரங்களுள் ஒன்று. ஆயினும் வளம் மிக்க மடிப்புப் பகுதிகளே பெரும்பாலும் ஆபத்து மிக்கனவாகவும் இருந்தன. 1962 ஆம் ஆண்டு நவெம்பரில் சாம்பியன் றீவின் வடமடிப்புப் பகுதியில் நிகழ்ந்த வெடிப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, பெரும்பகுதியைப் பாழாக்கின. பாறை எங்கே மடிந்து நொறுங்கிப் பொன்னுக்கு இடங்கொடுத்ததோ, அங்கேயே மனிதனுக்கும் அது இடுகுழியாயிற்று.

இம்மக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று கருதுவதும் தவறு. 1930 ஆம் ஆண்டில் தொழிலாளர் கைரேகை வைத்துப் பதிவுசெய்யப்பட வேண்டும் என்ற விதி வந்தபோது, அது குற்றவாளிகளுக்குரிய முறை எனச் சினந்து சுரங்கமெங்கும் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலிக்காக மட்டுமன்றித் தம் மதிப்புக்காகவும் அவர்கள் போராடினர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

முடிவும் படிப்பினையும்

1956 ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தனதாக்கிற்று. 1962 ஆம் ஆண்டில் அவை இந்திய மத்திய அரசின் பொறுப்பில் வந்தன. 1972 ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆனால் எந்த ஆட்சியும் பாறையின் விதியை மாற்ற இயலவில்லை. வளம் மிக்க பகுதிகள் வெட்டித் தீர்ந்தன. இறுதிக் காலத்தில் ஒரு தொன் கல்லிற் கிடைத்த பொன் 5 கிராமிலுங் குறைந்தது. ஆழமோ செலவைப் பெருக்கியது. 2001 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் அடியோடு தீர்ந்துவிடவில்லை; எடுக்கும் செலவைத் தாங்கும் அளவிலான பொன் தீர்ந்தது என்பதே பொருந்தும். நீரை இறைக்கும் பொறிகள் நின்றபின் சுரங்கங்களுள் நீர் நிறைந்தது. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மூன்று கோடித் தொன்னுக்கு மேற்பட்ட கழிவுத்துகள், சயனைட்டு மேடுகளாக நகரைச் சூழ்ந்து நின்றது. சுரங்கத் தொழிலாளரின் மக்களுட் பலர் நாள்தோறும் விடியுமுன் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்வோராயினர்.

ஈழநாட்டு மாணவர் ஒருவர்க்கு இவ்விடத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. இலங்கையின் பெரும்பகுதியும் உருமாறிய பழம்பாறையாலானதே. அவ்வாறிருந்தும் கோலாரைப் போன்ற பொற்சுரங்கம் இங்கு அமையாதது ஏன்? யாழ்ப்பாணக் குடாநாடு கடலிற் படிந்த சுண்ணாம்புக் கல்லாலானது. அதனை இவ்வினாவினின்றும் விலக்கிவிடலாம். மலைநாட்டுப் பாறையோ ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. அத்துணை வெப்பத்தை அடையுமுன்னரே பாறையிலிருந்த நீரும் கந்தகமும் பெரும்பாலும் பிரிந்து மேலே சென்றுவிடும். அவற்றோடு பொன்னும் செல்லும். அவ்வாறு சென்ற பொன் தங்கியிருக்கக்கூடிய மேற்பகுதி, பல கோடி ஆண்டுகளில் மழையாலும் ஆற்றாலும் தேய்ந்து நீங்கிற்று. இதனை ஒரு காரணமாகக் கொள்வது பொருத்தமுடையது. எஞ்சிய ஆழ்ந்த பாறை பொன்னுக்குப் பதிலாக நீலக்கல்லையும் பிற மணிகளையும் இந்நாட்டுக்கு அளித்தது. உருமாற்றம் ஒன்றே போதாது; அதன் அளவும், உடைவின் வழியும், பின்வந்த தேய்வும் யாவும் பொருந்திய இடத்திலேயே பொன் மனிதன் கைக்கு எட்டுகின்றது.

இவ்வளவும் நோக்குமிடத்து, ஒரு சிறு பொற்காசின் பின்னே நிற்கும் வரலாறு எத்துணை நெடியது என்பது விளங்கும். நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு முன் பாறை மடிந்தும் உடைந்தும் சேர்த்து வைத்ததை மனிதன் 120 ஆண்டுகளில் எடுத்து முடித்தான். பாறை உடைந்த வழியை விளக்கிய அறிஞர் பெயர்கள் நூல்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவை பொறிக்கப்பட வேண்டியவையே. அவ்வழியை முதலிற் கண்டவர்களும், அவ்வழியே இறங்கி மீளாதவர்களும் அவ்வாறு பொறிக்கப்படவில்லை. கோலாரின் வரலாற்றை எழுதப் புகும் எவரும், மாரிக்குப்பத்துப் பாறைமீது கல்லிடித்த பெண்டிரையும், வட ஆர்க்காட்டிலிருந்து வந்து நுரையீரலிற் படிகத்தூசோடு ஊர் திரும்பிய உழைப்பாளியையும் விடுத்து எழுதுவாராயின், அவர் எழுதுவது பொன்னின் விலைப்பட்டியலாகுமேயன்றி வரலாறாகாது.